வற்று நேரத்தில் போயும் நீர்கொழும்புக் களப்பில் சேறு தெரியவில்லையே, ஏன்?

வெள்ளவத்தை வாணி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் கணக்கு வேலை, வீடு வெள்ளவத்தை. பறவை பார்க்கத் தொடங்கி அதிக காலமில்லை. தியசரு பூங்கா, தலங்கமக் குளம், அத்திடிய என்று கிட்டிய இடங்களுக்கே போய்வந்து நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, மீன்கொத்தி வகைகள் எல்லாம் தடுமாறாமல் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். கையில் இருப்பது கனடாவில் இருந்து மச்சாள் அனுப்பிய 8×42 பைனாகுலர்ஸ். ஸ்கோப் வாங்க வசதியில்லை.

இப்போது ஆசை முழுக்கக் கரைப்பறவைகள் மேல். அதைத் தொடக்கிவைத்தது எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடலோரக் கற்களில் வந்து நிற்கும் ஓர் உள்ளான். செப்டெம்பரில் வந்தது, இன்னும் போகவில்லை. அலை வந்து கல்லை நனைக்கும்போது ஓரடி பின்வாங்கும், அலை போனதும் அதே ஈரத்தில் எதையோ கொத்தும். இடுப்பை ஆட்டாமல் அதால் ஒரு நிமிடம் நிற்க முடியாது. கடலோர ரயிலில் போகிறவர்கள் ஒருவரும் அதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். நவம்பர் கடைசியில் தோழி ஒருத்தியோடு நீர்கொழும்புக் களப்பின் தெற்குப் பக்கம் போனேன். போனில் வற்றுப்பெருக்கு அட்டவணை பார்த்து, தாழ்மட்டம் காலையில் வரும் நாளாகத் தேடி எடுத்துத்தான் போனோம். ஆனால் தண்ணீர் புல்லின் அடிவரை நிற்கிறது. கொக்கு, நீர்க்காகம், நட்டுவைத்த கொம்புகளில் சில ஆலாக்கள். அவ்வளவுதான். அதே இடத்தில் போன பெப்ரவரியில் ஒருவர் எடுத்த படத்தில் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது, பறவைகள் நூற்றுக்கணக்கில். அட்டவணை பொய்யா, இடம் பிழையா?

இன்னொன்று. அந்தப் படத்தில் இருந்த எல்லாமே எனக்கு ஒரே சாம்பல் குருவியாகத்தான் தெரிகின்றன. எங்கிருந்து தொடங்குவது? அந்த நாற்றச் சேற்றில் அப்படி என்னதான் சாப்பிடுகின்றன?

—

படகுத்துறை:

அக்கா, நவம்பரில் வந்தால் தண்ணிதான் இருக்கும். நான் நீர்கொழும்பு, அப்பா களப்பில் தொழில் செய்கிறவர். மழைக்காலத்தில் களப்பு ‘கனத்துப் போச்சு’ என்பார். வாய்ப் பக்கம் நீரோட்டம் இருக்கும், உள்ளே மட்டம் குறையாது. முகத்துவாரத்தில் கழி நட்டு இறாலுக்கு வலை கட்டுகிறவர்களிடம் வற்று எப்போது என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். அது அவர்கள் நிற்கிற இடத்துக்கு. தெற்கு மூலைக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

மாசி மாதம் வாருங்கள். காலை வெயில் ஏற முதல்.

—

கொழும்பு 15:

நீர்கொழும்பு தூரம் என்றால் காக்கைதீவுக்குப் போய்ப் பாருங்கள். களனி ஆறு கடலில் விழும் இடம். ஆலா, கடற்காகம் நிறைய வரும், மணல் திட்டில் சில நாள் உப்புக்கொத்தியும் இருக்கும். வெள்ளவத்தையில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள்.

—

ஆனைக்கோட்டை ரவி:

காக்கைதீவுக்கு வெள்ளவத்தையில் இருந்து ஒரு மணி நேரமா? எந்த விமானத்தில்?

—

கொழும்பு 15:

அண்ணா, இது மட்டக்குளிக் காக்கைதீவு, நாரா என்கிற நீரியல்வள ஆய்வு நிறுவனம் இருக்கிற இடம். உங்கள் யாழ்ப்பாணத்துக் காக்கைதீவு இல்லை.

—

ஆனைக்கோட்டை ரவி:

சரி சரி. ஆனால் சேறும் பறவையும் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் காக்கைதீவுதான் ஒழுங்கான காக்கைதீவு. அந்தக் குப்பையைச் சகித்தால்.

—

பேசாலையான்:

வாணி பிள்ளை, உங்கள் அட்டவணை பொய் சொல்லவில்லை. இடமும் பிழையில்லை. நான் நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது பேசாலை, இப்போது கொட்டாஞ்சேனையில் மகன் வீட்டில். எதையும் மட்டக் கணக்காகவே பார்க்கிற பழக்கம், அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

அட்டவணை சொல்வது கொழும்புத் துறைமுகத்துக் கடல் மட்டத்தை. அந்த மட்டம் நீங்கள் நின்ற தெற்கு மூலைக்கு வந்து சேர, கடல் நீர் வடக்கே உள்ள ஒடுங்கிய வாயால் நுழைந்து முழுக் களப்பையும் கடக்க வேண்டும். வருகிற வழியிலேயே ஏற்ற இறக்கம் தேய்ந்துவிடும், நேரமும் பிந்தும். கடலிலேயே நமக்கு எவ்வளவு பெரிய வற்றுப்பெருக்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? போயாவை, அதாவது முழுநிலாவை ஒட்டிய நாட்களில் கொழும்பில் உயர்மட்டத்துக்கும் தாழ்மட்டத்துக்கும் வித்தியாசம் சுமார் 60 சென்ரிமீற்றர். அரை நிலா நாட்களில் ஒரு சாண்கூட வராது. இங்கிலாந்தின் செவர்ன் முகத்துவாரத்தில் 12 மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறது. கரைப்பறவை பற்றி நாம் வாசிக்கும் வழிகாட்டிகளில் பாதிக்கு மேல் அந்த மாதிரிக் கரைகளில் நின்று எழுதியவை. ‘பெருக்குக்கு இரண்டு மணி நேரம் முன்னே போய் நில், தண்ணீர் பறவைகளை உன் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்’ என்பார்கள். அங்கே அது வேதவாக்கு. இங்கே அப்படிப் போய் நின்றால் கால்தான் கடுக்கும்.

இப்போது சரிவைப் பாருங்கள். களப்புச் சேறு ஏறக்குறைய மேசை மட்டம். ஆயிரத்துக்கு ஒன்று சரிவு என்று வையுங்கள். தண்ணீர் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் 100 மீற்றர் அகலத்துக்குத் தரை வெளியே வரும். 10 சென்ரிமீற்றர் ஏறினால் அந்த நூறு மீற்றரும் போய்விடும். ஆகவே அந்தப் பத்துச் சென்ரிமீற்றரை யார் தீர்மானிப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. நிலாவுக்கு அதில் சின்னப் பங்கு. ஒக்டோபர், நவம்பரில் மேல் மாகாணத்தில் கொட்டுகிற மழையைத் தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும் கொண்டுவந்து அதே தெற்கு மூலையில்தான் விடுகின்றன. வாய் ஒடுக்கம், வந்த வேகத்தில் வெளியேற வழியில்லை. நீங்கள் அன்று பார்த்துக்கொண்டு நின்றது பெரும்பாலும் மழைநீர். படகுத்துறைத் தம்பியின் அப்பா ‘கனத்துப் போச்சு’ என்று இதைத்தான் சொல்கிறார்.

ஜனவரி, பெப்ரவரி கொழும்புப் பக்கம் மழை குறைந்த மாதங்கள். மட்டம் மெல்ல இறங்கும். மழைக்கு மூழ்கிக் கிடந்த சேறு அப்போதுதான் வெளியே வரும். வாரக்கணக்காக எந்த அலகும் படாத சேறு அது. உங்கள் பெப்ரவரிப் படத்தின் இரகசியம் அவ்வளவுதான்.

காற்றும் உண்டு. மன்னாரில் நாங்கள் அதைத்தான் முதலில் பார்ப்போம். வங்காலைப் பக்கம் நேற்று முழங்காலளவு நின்ற இடத்தில், காற்று திரும்பினால் இன்று பறவை நடக்கும். அட்டவணையில் அது வராது.

அதற்காக நிலாவை ஒரேயடியாகக் கைவிடவும் வேண்டாம். சிலாபம் மாதிரி முகத்துவாரத்து மணல் திட்டுகளில் கடலின் வற்று நேரடியாகத் தெரியும், அங்கே அட்டவணை உதவும். நமக்கு ஒரு வசதி, முழுநிலாவுக்கு நாடே விடுமுறை. பெரிய வற்று போயாவுக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் வரும். ஆனபடியால் வெள்ளிக்கிழமை போயா வந்தால் அந்த வார இறுதியை விடாதீர்கள். புத்தளம் பாதை ரயில் நீர்கொழும்பு, சிலாபம் இரண்டையும் தொட்டுத்தான் போகிறது.

அடையாளம் பற்றிக் கேட்டீர்கள். நிறத்தை மறந்துவிடுங்கள். இங்கே இருக்கும் காலத்தில் எல்லாம் சாம்பலும் மண்ணிறமும்தான், அதில் பயிற்சி உள்ளவர்களே தடுமாறுவார்கள். நடையைப் பாருங்கள். உப்புக்கொத்திகளுக்குப் பெரிய கண், கட்டை அலகு. கண்ணால் வேட்டையாடும். நாலைந்து அடி ஓடும், சடாரென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளான் வகைகள் அலகால் துழாவித் தேடும். தலை நிமிராமல் குத்திக் குத்தி நடந்துகொண்டே இருக்கும். அலகின் நுனியில் நரம்புகள் நிறைய, சேற்றுக்குள் அசைவதைத் தொட்டே அறியும். பச்சைக்காலி இரண்டிலும் சேராது. ஆழமில்லாத தண்ணீரில் சின்ன மீனைத் துரத்திக்கொண்டு குடிகாரன் மாதிரி அங்குமிங்கும் ஓடும். இந்த மூன்று நடையையும் பிரிக்கத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதற்கு எட்டு மடங்கு பைனாகுலர்ஸ் தாராளம்.

அடுத்தது அலகின் நீளம். கொசு உள்ளானுக்கு இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லை. பவளக்காலிக்கு நாலு. கருவால் மூக்கனுக்குப் பத்து. கேர்லியூவுக்குப் பதினைந்துக்கும் மேலே போகும், அதுவும் பெண் பறவைக்குத்தான் நீளம் கூட. ஒரே சேற்றில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நின்று சாப்பிடுவது இதனால்தான். மேல்தட்டில் இருக்கும் சின்னப் பூச்சிக்குக் கேர்லியூ போட்டிக்கு வராது, ஆழத்தில் கிடக்கும் புழுவுக்குக் கொசு உள்ளானின் அலகு எட்டாது.

மன்னார்த் தாம்போதியில் ஒரு மாலை வாகனத்தை ஓரங்கட்டி உள்ளேயே இருந்தேன். வாகனத்தைப் பறவை பொருட்படுத்தாது, இறங்கினால்தான் பறக்கும். ஜன்னலுக்கு நேரே ஒரு மணல் உப்புக்கொத்தி. ஓடி வந்து நின்று, ஒற்றைக் காலை முன்னே நீட்டி ஈரச் சேற்றின் மேல் விரல்களை நடுங்கவிட்டது. நடுங்கிய இடத்தில் நீர்ப்படலம் மினுங்கியது. தலையைச் சரித்துப் பார்த்தது, ஒன்றுமில்லை. இரண்டடி தள்ளி மறுபடி அதே நடுக்கம். இந்த முறை செம்மண் நிறத்தில் ஒரு புழுவின் நுனி அசைந்தது, அடுத்த கணம் அலகில். இழுக்க இழுக்கப் புழு நீள்கிறது. பறவை இழுப்பதை நிறுத்திவிட்டுப் பிடியை விடாமல் அப்படியே நின்றது. அவசரப்பட்டால் அறுந்து பாதி உள்ளே போய்விடும். புழுவின் இறுக்கம் தளரத் தளர, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நடந்து முழுதையும் வெளியே எடுத்து விழுங்கியது.

சேற்றைப் பற்றி: அதன் மேல் பழுப்பும் பச்சையுமாக வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அது அழுக்கில்லை, டயற்றம் என்ற நுண்பாசியும் பக்ரீரியாவும் சேர்ந்து வாழும் தோட்டம். வெயிலில் உணவு செய்வது அதுதான். ஆறு கொண்டுவரும் வண்டலும் இலைதழையும் அதோடு சேர, புழு, சிப்பி, நத்தை, நண்டு எல்லாவற்றுக்கும் அங்கே சாப்பாடு. படலத்துக்குச் சில மில்லிமீற்றர் கீழே போனால் ஒட்சிசன் இல்லை, சேறு கறுப்பு. அங்கே வாழும் பக்ரீரியா விடுகிற ஐதரசன் சல்பைட்டுத்தான் உங்களுக்கு வந்த அந்தக் கூழ்முட்டை வாடை. வாடை வந்தால் சேறு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், நல்ல சேறும் அப்படித்தான் மணக்கும். நண்டு துளைக்கும் வளைகளால் காற்று உள்ளே இறங்கும், துளையைச் சுற்றிக் கறுப்பு மாறிப் பழுப்பாகியிருப்பதைக் கிட்டப் பார்த்தால் தெரியும். அமெரிக்கப் பசிபிக் கரையில் வாழும் ஒரு சின்ன உள்ளான், புழுவோடு நில்லாமல் அந்தப் படலத்தையே நக்கிச் சாப்பிடுகிறது என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கென்றே நாக்கு நுனியில் மயிர்போன்ற முட்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படத்துக்காகச் சேற்றில் இறங்கி நடக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் முக்கியமாக. கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவு. அது போக வேண்டிய இடம் ஆர்க்ரிக் கரை. அந்த நேரத்தில் அது சாப்பிடுவது பயணத்துக்கான எரிபொருள். ஒருமுறை எழுப்பிப் பறக்கவிட்டால் அவ்வளவும் நட்டம்.

—

வெள்ளவத்தை வாணி:

அங்கிள், இதை அச்செடுத்து வைக்கப்போகிறேன். ‘மழைநீர் பிள்ளை’ என்று அந்தத் தோழிக்கும் அனுப்பியாயிற்று.

இரண்டு சின்னக் கேள்வி. ஏப்ரலில் எல்லாம் போய்விடுமா? இரண்டாவது, தனியாக இந்தக் களப்போரங்களில் பைனாகுலர்ஸோடு நிற்க எனக்கு அவ்வளவு தைரியமில்லை. கூட்டமாகப் போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?

—

கொழும்பு 15:

கூட்டத்துக்கு நான் சொல்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு இயங்கும் களப் பறவையியல் குழு 1976இல் இருந்து இருக்கிறது. மாணவர்கள், அலுவலகக்காரர், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் வருவார்கள், பெண்கள் நிறைய. களப் பயணத்தில் யாராவது ஸ்கோப் கொண்டுவருவார்கள், வரிசையில் நின்று பார்க்கலாம். பேச்சு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் ஓடும், ஆனால் உள்ளானைக் காட்ட மொழி வேண்டாம்.

—

பேசாலையான்:

ஏப்ரல் முடிய முன் பெரும்பகுதி போய்விடும், மே மாதத்தில் வெளி வெறிச்சோடும். முதல் வருட இளம் பறவைகள் சில போகாமல் இங்கேயே தங்கும், இனம் சேரும் வயதில்லாததால் அவ்வளவு தூரம் போய்வர அவசியமில்லை. ஜூலையில் தனியாக ஓர் உப்புக்கொத்தியைக் கண்டால் காயப்பட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

போக முன் ஏப்ரலில் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். வளைமூக்கு உள்ளான் வயிறு செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும், மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் செம்பட்டை ஏறியிருக்கும். சாம்பல் குருவி என்று சொன்ன வாயை மூடவைக்கும். வளைமூக்கு போவது சைபீரியாவுக்கு, நம் மணல் உப்புக்கொத்திகளில் பெரும்பாலானவை திபெத்து மேட்டுநிலத்துக்கு.

எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், உச்சக் கணக்கு பட்டைவால் மூக்கனிடம் இருக்கிறது. 2022இல் செய்மதிக் கருவி பூட்டிய ஓர் இளம் பறவை அலாஸ்காவில் எழும்பித் தாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீற்றர், 11 நாள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. நம் ஊர்ப் பறவைகள் அப்படி ஒரே மூச்சில் போவதில்லை, மத்திய ஆசியப் பாதையில் இறங்கி இறங்கிப் போகின்றன. இறங்கும் இடத்திலும் இதே மாதிரிச் சேறு வேண்டும்.

—

பசுமை நண்பன்:

நல்ல உரையாடல். ஆனால் ஒரு சந்தேகம். இப்படித் திறந்து கிடக்கும் சேற்றில் கண்டல் (அலையாத்தி மரம்) நட்டால் காபனும் பிடிக்கும், மீனும் பெருகும், கரையும் காக்கப்படும். எங்கள் நிறுவனத்தில் இந்த வருடம் ஒரு களப்போரத்தில் கன்று நடப் போகிறோம். வெறும் சேறாக விடுவதைவிட அது மேல் இல்லையா?

—

பேசாலையான்:

தம்பி, ‘வெறும்’ சேறு என்று நீங்கள் சொல்வது மேலே நான் இவ்வளவு நேரம் எழுதிய சாப்பாட்டுக் கடை.

கண்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டல் வெட்டப்பட்ட இடத்தில் மறுபடி கண்டல் வரட்டும், அதற்கு முதல் ஆள் நான். ஆனால் இயல்பாகவே கண்டல் இல்லாமல் திறந்து கிடக்கும் சேற்றுவெளியில் அது ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. கண்டலுக்கும் ஒரு மட்டம் உண்டு. தினமும் அதிக நேரம் தண்ணீருக்குள் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் கன்று நிற்காது. நம் நாட்டில் சுனாமிக்குப் பிறகு கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. மொத்தமாக நட்ட ஆயிரம் சொச்சம் ஹெக்டேயரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. பிழையான மட்டத்தில் நட்டது முக்கியமான காரணங்களில் ஒன்று.

தப்பித் தவறிப் பிழைத்துவிட்டால் இன்னொரு தொல்லை. கரைப்பறவை திறந்த வெளியில்தான் இறங்கும். நாலா பக்கமும் பார்க்க முடியாத இடத்தில் வல்லூறு எந்தப் பக்கத்தால் வரும் என்று தெரியாது, ஆகவே இடுப்பளவு கன்று நின்றாலே அந்த இடத்தைக் கைவிடும். நீங்கள் நடப் போகும் இடத்தில் முன்பு கண்டல் இருந்ததா என்று பழைய வரைபடத்தையும் அங்குள்ள மீனவர்களையும் கேளுங்கள். இருந்தது என்றால் நடுங்கள். அதற்கும் முன்னே, தண்ணீர் வந்து போகும் வாய்க்கால் அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். மட்டம் சரியானால் விதை தானே வந்து முளைக்கும். படம் எடுத்துப் போடத்தான் ஒன்றும் இருக்காது.

—

படகுத்துறை:

எங்கள் பக்கமும் நட்டார்கள். பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது.

கண்டலைவிட எனக்குக் கவலை பிளாஸ்டிக் மணி. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது 1,600 தொன்னுக்கு மேல் கடலில் கொட்டியது. சரக்குவக் கரையில் மணலைக் கையால் அளைந்தால் பருப்பளவு வெள்ளை மணி இப்பவும் வரும். மேலே அள்ளியாயிற்று, கீழே புதைந்தது அங்கேதான். உள்ளான் கொத்துகிற ஆழமும் அதுதானே?

—

பேசாலையான்:

அந்த ஆழம்தான். துழாவித் தேடும் பறவை தொட்டு அறிகிறது, கண்ணால் பார்த்து ஒதுக்குவதில்லை. மணி அசையாது, புழு அசையும், அந்த வித்தியாசம் ஓரளவு காப்பாற்றலாம். சிறு சிப்பியை முழுதாக விழுங்குகிறவற்றுக்கு அதுவும் உதவாது.

—

வெள்ளவத்தை வாணி:

சரி, முடிவு எடுத்தாயிற்று. பெப்ரவரியில் வரும் நவம் போயா வார இறுதி, நீர்கொழும்பு. தோழியும் வருகிறாள், அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் நிற்பது? எத்தனை இருந்தது என்று எண்ணவும் ஆசை, ஆனால் கூட்டமாக இருந்தால் எப்படி எண்ணுவது?

—

படகுத்துறை:

காலை என்றால் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள் அக்கா, வெயில் முதுகில் விழும். மேற்குக் கரையில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு சேற்றின் மேல் கானல் எழும்பும், பைனாகுலர்ஸில் எல்லாம் நெளியும். பஸ்ஸில் வருகிறதென்றால் 240. முதல் நாள் ஒரு செய்தி போடுங்கள், மட்டம் எப்படி என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

—

பேசாலையான்:

எண்ணுவதற்கு: முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவை கூட்டத்தின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு நகர்த்துங்கள். கூட்டம் பெரிதென்றால் பத்துக்குப் பதில் ஐம்பது. நாலு பேர் போகிறீர்கள், ஒவ்வொருவரும் மற்றவர் எண்ணைக் கேட்காமல் தனியாக எழுதிப் பிறகு ஒப்பிடுங்கள். இனம் தெரியாவிட்டால் ‘உப்புக்கொத்தி வகை, 140’ என்று எழுதினால் போதும், ஊகித்து ஓர் இனத்தின் பெயரை எழுதுவதைவிட அது பயன்படும். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் 1987இல் இருந்து இப்படித்தான் எழுதிச் சேர்க்கிறார்கள். செம்பருந்து ஒன்று மேலே வந்து கூட்டம் எழும்பிவிட்டால் பதறாமல் நில்லுங்கள், பெரும்பாலும் அதே இடத்தில்தான் திரும்ப இறங்கும். இறங்கியதும் முதலில் இருந்து எண்ண வேண்டும்.